கிளைக்கு எது, தலைமைக்கு எது?

கேள்வி: திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு கரூர், புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், தஞ்சாவூர் பக்கம் 23 மருந்துக்கடைகள் நடத்தும் நிறுவனத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். என்னோடு இரண்டு பேர் இருக்கிறார்கள். கடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 350 பில். எல்லாக் கடைகளும் தலைமை அலுவலக சர்வரில்தான் பில் போடுகின்றன. லைன் (இணைய இணைப்பு) போனால் பில் நின்றுவிடும். அப்போது கடையில் இருப்பவர்கள் மருந்துப் பெட்டி அட்டையின் பின்பக்கம் எழுதிவைத்து, லைன் வந்ததும் ஏற்றுகிறார்கள். இருப்பு ஒருநாளும் ஒத்துவருவதில்லை. மாத அறிக்கை எடுக்கும் மாலையில் எல்லாக் கடையிலும் பில் மெதுவாகிவிடுகிறது. இப்போது ஒரு நிறுவனம் ஹடூப், ஸ்பார்க், காஃப்கா என்ற பெருந்தரவுக் கருவிகள் எல்லாம் போட்டு 6 சர்வர்களை ஒன்றாக இணைத்த கிளஸ்டர் அமைத்துத் தருவதாகத் திட்டம் கொடுத்திருக்கிறது. முதலாளி என் கருத்தைக் கேட்கிறார். நான் என்ன சொல்லட்டும் ஐயா? (பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகி, திருச்சி)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் சர்வரைப் பற்றி நிறைய இருக்கிறது. ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது மருந்துப் பெட்டி அட்டையின் பின்பக்கம் எழுதுகிறார்கள் என்ற வரியைத்தான். லைன் இல்லாதபோதும் வியாபாரம் நடக்கத்தான் செய்கிறது. வாசலில் நிற்கிறவருக்குச் சர்க்கரை மாத்திரை வேண்டும், கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதாவது உங்கள் கடைகள் ஏற்கெனவே தனித்தனியாக இயங்கத் தெரிந்த கடைகள். மென்பொருளுக்குத்தான் அது தெரியவில்லை. அந்த அட்டையில் எழுதுவதை ஒழுங்கான ஓர் இடத்தில் எழுதவைத்து, தொலையாமல், இரண்டு தடவை ஏறாமல் திருச்சிக்குக் கொண்டுவர வேண்டும். உங்களுக்கு வேண்டிய அமைப்பு அதுதான். உங்களுக்கு வந்திருக்கும் திட்டத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை என்று நீங்கள் சொன்ன விவரங்களிலிருந்து தெரிகிறது.

முதலில் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுவிடுவோம். 23 கடை, கடைக்கு 350 பில் என்றால் நாளைக்கு 8,050 பில். ஒரு பில்லில் சராசரி 4 மருந்து என்று வைத்துக்கொண்டால் 32,200 வரிகள். வருடத்துக்கு 1 கோடியே 17 லட்சம் வரிகள். ஒரு வரிக்குத் தாராளமாக 200 பைட் கொடுத்தாலும் வருடத்துக்கு 2.4 ஜிபிக்குள் அடங்கிவிடும். 5 வருடக் கணக்கு 12 ஜிபி. தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ், மற்றவை எல்லாம் சேர்ந்து மூன்று மடங்கு ஆனாலும் 35 ஜிபியைச் சுற்றித்தான் வரும். இதைவிடப் பெரிய வீடியோத் தொகுப்புகள் பலருடைய கைப்பேசியில் இருக்கின்றன.

வேகம்? பாதி வியாபாரம் மாலை 6 முதல் 9 வரை நடக்கிறது என்று கொள்வோம். 4,000 பில், 10,800 விநாடி. கிட்டத்தட்ட 2.7 விநாடிக்கு ஒரு பில். நல்ல முறையில் அமைத்த ஒரே ஒரு தரவுத்தளம் விநாடிக்கு நூற்றுக்கணக்கான பில்களைத் தாங்கும். ஆகவே அளவு காரணமாகவோ வேகம் காரணமாகவோ உங்களுக்குக் கிளஸ்டர் தேவையில்லை. முதலாளியிடம் இந்தக் கணக்கை அப்படியே காட்டுங்கள். வியாபாரிக்கு எண் புரியும்.

ஹடூப் வகைக் கருவிகளைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 2004இல் கூகுளின் ஜெஃப்ரி டீனும் சஞ்சய் கேமவாட்டும் ஒரு பெரிய கணக்கைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் மேப்ரெட்யூஸ் முறையை வெளியிட்டபோது அவர்கள் முன்னால் இருந்தது உலக இணையத்தின் பக்கங்கள் அனைத்தையும் அட்டவணைப்படுத்தும் வேலை. ஆயிரக்கணக்கில் மலிவான கணினிகள், அவற்றில் எப்போதும் சில பழுதாகிக் கிடக்கும், ஆனாலும் கணக்கு முடிய வேண்டும். அந்த வழியில் 2006இல் பிறந்தது ஹடூப். அந்த அளவுக்கு அது சரியான கருவி. சின்ன அளவுக்கு அதைக் கொண்டுவந்தால் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதிலேயே நேரம் போய்விடும். 2015இல் ஃபிராங்க் மெக்‌ஷெரி, மைக்கேல் ஐசார்ட், டெரெக் மரே மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று இதைச் சோதித்தே காட்டியது. பேஜ்ரேங்க் (இணையப் பக்கங்களைத் தரவரிசைப்படுத்தும் முறை) போன்ற கணக்குகளை நூற்றுக்கும் மேற்பட்ட கோர்களில் (கணினியின் கணக்கிடும் அலகுகளில்) ஓட்டிய பல அமைப்புகளைவிட, மடிக்கணினியின் ஒரே கோரில் ஓடிய நேரடியான நிரல் சீக்கிரம் முடித்தது. பரவலாக்குவதற்கு ஒரு விலை உண்டு. வாங்கும் பொருள் அந்த விலைக்குத் தகுமா என்று பார்ப்பதுதான் நம் வேலை.

இன்னொன்று. கணினிகள் தங்களுக்குள் பெரும்பான்மை ஓட்டில் முடிவெடுக்கும் அமைப்புகளில் 5 கணினி இருந்தால் 2 பழுதாகி விழலாம், மீதி 3 போதும். 6 கணினி இருந்தால் பெரும்பான்மைக்கு 4 வேண்டும், அப்போதும் 2தான் விழலாம். ஆறாவது கணினி எதற்கு என்று கேளுங்கள். நியாயமான காரணம் இருந்தால் சொல்வார்கள். அந்த ஆறும் ஒரே அறையில், ஒரே யுபிஎஸ்ஸில், ஒரே ஏசிக்குக் கீழே இருக்கப்போகிறதா என்பதையும் கேளுங்கள். அப்படியானால் அந்த அறைக்கு மின்சாரம் போகும்போது 6ம் ஒன்றாகவே போகும்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

எந்தச் சாதனம் என்று யோசிப்பதற்கு முன் ஒவ்வொரு தரவுக்கும் யார் சொந்தக்காரர் என்று எழுதுங்கள். நான் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் முதல் வாரம் இதைத்தான் செய்கிறேன். மருந்தின் பெயர், விலை, வரி, எந்த ஸ்டாக்கிஸ்டிடம் வாங்குவது ஆகியவை திருச்சிக்குச் சொந்தம். கடைகள் படிக்கலாம், மாற்றக் கூடாது. பில் கடைக்குச் சொந்தம். திருச்சி படிக்கலாம், திருத்தக் கூடாது. தவறான பில்லுக்குத் திருச்சி ஒரு ரத்துக் குறிப்பு போடலாம், பில்லைத் தொடக் கூடாது. ஒரு தரவுக்கு ஒரே சொந்தக்காரர் இருந்தால், இரண்டு பேர் இரண்டு இடத்தில் ஒன்றையே மாற்றி, பிறகு யார் சொன்னது சரி என்று முழிக்கும் நிலை வராது. பரவலான அமைப்புகளில் நான் பார்த்த சிக்கல்களில் பாதிக்கு மேல் இங்கேதான் ஆரம்பிக்கும்.

சட்டமும் உங்களுக்கு இங்கே கைகொடுக்கிறது. எச்1 அட்டவணை (கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் சட்டப் பட்டியல்) மருந்துகளை விற்கும்போது தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது உங்கள் கடைகளுக்குத் தெரிந்ததே. மருந்து ஆய்வாளர் வந்து கேட்கும்போது லைன் இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே அந்த விவரம் கடையிலேயே இருந்தாக வேண்டும்.

பில் எண்ணுக்கும் வழி இருக்கிறது. ஜிஎஸ்டி விதி 46 கேட்பது தொடர்ச்சியான எண், 16 எழுத்துக்கு மிகாமல், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராமல். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ள அந்த விதியே இடம் தருகிறது. எனவே கடை எண் 2 இலக்கம், கவுன்டர் எண் 1 இலக்கம், நிதியாண்டு 4 இலக்கம், வரிசை எண் 6 இலக்கம், நடுவில் இரண்டு சாய்கோடு என்று வைத்தால் 15 எழுத்து. 071/2526/000418 என்பது ஏழாம் கடையின் முதல் கவுன்டர் போட்ட 418ஆவது பில். இந்த எண்ணைப் போட அந்தக் கவுன்டர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இப்போது உங்கள் கடைகள் ஒவ்வொரு பில்லுக்கும் திருச்சியைக் கேட்பதற்கு அடுத்த எண் என்ன என்பது ஒரு பெரிய காரணமாக இருக்கும். அது இதோடு தீர்ந்தது.

இருப்புக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் உள்ள வலி இதுதான், இதில் கொஞ்சம் நிதானமாக நிற்கலாம்.

பெரம்பலூர் கடையில் ஒரு பேட்ச் பாராசிட்டமால் 40 அட்டை இருக்கிறது. லைன் இல்லை. கவுன்டரில் 5 அட்டை விற்கிறது, கடைக் கணினி 35 என்று எழுதிக்கொள்கிறது. அதே நேரம் திருச்சியில் ஒருவர், போன வாரம் அந்தக் கடை திருப்பி அனுப்பிய 10 அட்டையை இப்போது கணக்கில் கழித்து 30 என்று எழுதுகிறார். லைன் வருகிறது. 35 சரியா, 30 சரியா? இரண்டும் தப்பு. ரேக்கில் இருப்பது 25.

இருப்பை ஓர் எண்ணாக வைத்து அந்த எண்ணை அனுப்பிக்கொண்டிருந்தால் இது தீராது. என்ன நடந்தது என்பதை அனுப்புங்கள். 5 போனது. 10 திரும்பியது. இவற்றில் எது முன்னால் வந்து சேர்ந்தாலும் கூட்டிக் கழித்தால் 25தான் வரும். பழைய மளிகைக் கடைகளின் பேரேட்டில் யாரும் மொத்தத்தை அழித்து எழுத மாட்டார்கள். வரவு, பற்று என்று வரி வரியாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். உங்கள் தரவுத்தளத்திலும் அப்படியே செய்யுங்கள். இருப்பு என்பது அந்த வரிகளைக் கூட்டி வரும் விடை. அதற்கென்று தனியாக ஒரு கட்டம் வைத்தாலும் அதை எப்போது வேண்டுமானாலும் அழித்து மறுபடி கணக்கிட முடிய வேண்டும்.

கடைக்குக் கடை மாற்றும் சரக்கும் அப்படித்தான். கரூரிலிருந்து அனுப்பியது ஒரு வரி, புதுக்கோட்டையில் வாங்கியது இன்னொரு வரி. நடுவில் சரக்கு வண்டியில் இருக்கிறது அல்லவா, அதற்கு 'வழியில்' என்று ஒரு கற்பனைக் கடையையே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளுக்கு மேல் அந்தக் கடையில் சரக்கு நின்றால் யாராவது போன் செய்து கேட்க வேண்டும்.

அப்புறம், இருப்பு மைனஸில் போனால் விற்பனையை மறுக்காதீர்கள். கவுன்டரில் இருப்பவர் அட்டையைக் கையில் வைத்திருக்கிறார், கணினி இல்லை என்கிறது. கணினிதான் தப்பு. பில்லைப் போடவிட்டு, மறுநாள் எண்ணிப் பார்க்க ஒரு குறிப்பு எழுப்புங்கள்.

இனி அனுப்பும் முறை. பதிவுத் தபாலில் ஒப்புதல் அட்டை இணைத்து அனுப்பியவர்களுக்கு இது உடனே விளங்கும். அட்டை திரும்பி வரவில்லை. கடிதம் போய்ச் சேரவில்லையா, அல்லது சேர்ந்து அட்டை மட்டும் தொலைந்ததா? அனுப்பியவருக்குத் தெரிய வழியே இல்லை. நெட்வொர்க்கிலும் அதே கதை. பதில் வரவில்லை என்றால் மறுபடி அனுப்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. ஆகவே ஒரே பில் இரண்டு தடவை, மூன்று தடவை வரும் என்று எதிர்பார்த்தே திருச்சிப் பக்கத்தை எழுத வேண்டும். பில் எண் ஏற்கெனவே இருந்தால் மறுபடி ஏற்றாமல், கிடைத்தது என்று மட்டும் பதில் சொல்ல வேண்டும். கடைப் பக்கம், பில்லைச் சேமிக்கும் அதே பரிவர்த்தனையில் அனுப்ப வேண்டியவை என்ற வரிசையிலும் ஒரு வரி சேர வேண்டும். இரண்டும் சேர்ந்து எழுதப்படும், அல்லது இரண்டுமே எழுதப்படாது. திருச்சி ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த வரியை நீக்க வேண்டும். இதற்குச் செய்திகளை வரிசையில் வைத்து அனுப்பும் காஃப்கா தேவையில்லை. கடைக் கணினியில் போஸ்ட்கிரெஸ் அல்லது எஸ்கியூலைட் என்ற ஒரு தரவுத்தளம், அதில் ஒரு அட்டவணை, அரை நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்து அனுப்பும் சின்ன நிரல், அவ்வளவே.

இதோடு இரவில் ஓர் ஒப்பீடு அவசியம். இன்று எத்தனை பில், மொத்தம் எவ்வளவு என்று கடை சொல்லும், திருச்சி தன்னிடம் உள்ளதைச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாத கடைகளின் பெயர் காலை 8 மணிக்கு உங்கள் கைப்பேசிக்கு வர வேண்டும். இந்த ஒரு வேலையை வைக்காமல் விட்டவர்கள் எல்லோரும் பிறகு வருந்தியதைப் பார்த்திருக்கிறேன்.

நேரத்தை நம்ப வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பட்டது. பல வருடங்களுக்கு முன் 11 கடைகள் கொண்ட ஒரு ஜவுளி நிறுவனத்துக்கு இப்படி ஒரு அமைப்பு செய்துகொடுத்தோம். ஒரே பொருளின் விவரத்தைக் கடையும் மாற்றலாம், தலைமையும் மாற்றலாம்; எது கடைசியாக மாற்றப்பட்டதோ அது நிற்கும் என்பது விதி. அந்த விதியை எழுதியவன் நான். தீபாவளிக்கு முந்தைய வாரம் காலை 9 மணிக்குத் தலைமை அலுவலகம் விலை குறைத்தது. ஒரு கடையில் அன்று காலை 8.50க்கு யாரோ ரேக் எண்ணைத் திருத்தியிருந்தார்கள். நம் வீடுகளில் சுவர்க் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைப்பார்களே, அதுபோல அந்தக் கடைக் கணினியின் நேரத்தை 20 நிமிடம் கூட்டி வைத்திருந்தார்கள். 8.50 என்பது 9.10 ஆகப் பதிவானது. ரேக் எண்ணோடு பழைய விலையும் அதே வரியில் இருந்ததால், கடைசியாக வந்தது இதுதான் என்று பழைய விலை ஜெயித்துவிட்டது. இரண்டு நாள் அந்தக் கடையில் மட்டும் வாடிக்கையாளர்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள். விளம்பரத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா வந்து கேட்டபோதுதான் தெரிந்தது.

கணினிகளின் கடிகாரத்தை வைத்து எது முன், எது பின் என்று முடிவு செய்ய முடியாது என்பதை கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் 1978லேயே விளக்கி எழுதிவிட்டார். அந்தத் தீபாவளிக்குப் பிறகுதான் நான் அதை ஒழுங்காகப் படித்தேன். விலைப் பட்டியலுக்குத் திருச்சி ஒரு பதிப்பு எண் கொடுக்கட்டும்: 1041, 1042 என்று. கடை தன்னிடம் உள்ளதைவிடப் பெரிய எண் வந்தால் ஏற்றுக்கொள்ளட்டும். ஒவ்வொரு பில்லிலும் எந்தப் பதிப்பு விலையில் போட்டது என்பதும் பதிவாகட்டும். நேரத்தை அச்சிடுங்கள், தகராறு தீர்க்க மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

எல்லாவற்றையும் கடையே முடிவு செய்ய முடியாது. கடன் கணக்கு வாடிக்கையாளரும் வாங்கும்போது புள்ளி சேரும் அட்டை வைத்திருப்பவரும் இன்று தஞ்சாவூர் கடைக்குப் போவார்கள், நாளை அரியலூர் கடைக்குப் போவார்கள். லைன் அறுந்த நேரத்தில் எல்லா இடத்திலும் ஒரே கணக்கு இருக்கவும் வேண்டும், எல்லாக் கடையும் பதில் சொல்லவும் வேண்டும் என்றால் நடக்காது. 2000இல் கணினி அறிஞர் எரிக் புரூவர் சொல்லி, 2002இல் சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் நிரூபித்த விஷயம் இது. எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது வியாபார முடிவு, அதை உங்கள் முதலாளிதான் எடுக்க வேண்டும். அமேசான் தன் டைனமோ என்ற தரவுச் சேமிப்பு அமைப்பைப் பற்றி 2007இல் எழுதியபோது, வாடிக்கையாளர் கூடையில் பொருள் போடுவதை எந்த நிலையிலும் மறுக்கக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டே மற்றதை வடிவமைத்ததாகச் சொன்னது. முதலாளியிடம் இப்படிக் கேளுங்கள்: லைன் இல்லாதபோது கடன் வாடிக்கையாளருக்கு 500 ரூபாய் வரை கொடுக்கலாமா? யாராவது இரண்டு கடையில் வாங்கி வரம்பைத் தாண்டினால் அந்த நஷ்டம் பரவாயில்லையா? புள்ளிகளைச் சேர்க்க மட்டும் விடலாமா, செலவழிக்கவும் விடலாமா? அவர் சொல்லும் பதில்தான் உங்கள் வடிவமைப்பு.

திருச்சியில் ஒரு போஸ்ட்கிரெஸ் சர்வர் போதும். அதன் நேரடி நகல் ஒன்று வேறு கட்டடத்திலோ மேகச் சேவையிலோ இருக்கட்டும். மாத அறிக்கை எல்லாம் நகலில் ஓடட்டும்; மாலை நேர மந்தம் அன்றே போய்விடும். ஆழமான பகுப்பாய்வு வேண்டுமென்றால் இரவில் தரவை எடுத்து டக்டிபி போன்ற ஒரு பகுப்பாய்வுத் தரவுத்தளத்தில் போட்டால் ஒரு மடிக்கணினியே 5 வருட விற்பனையை அலசும். காப்பு நகல் எடுப்பதோடு விடாமல் மாதம் ஒரு தடவை அதைத் திரும்ப ஏற்றிப் பாருங்கள். கடைக் கணினிகளின் வட்டுகளைக் கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்துவிடுங்கள். நோயாளிகளின் பெயரும் மருந்தும் அங்கே இருக்கப்போகிறது.

கடைக் கணினியே பழுதானால் அனுப்பாத பில்கள் போய்விடும் என்ற பயம் நியாயமானது. இரண்டு கவுன்டர் உள்ள கடையில் ஒன்றின் நகல் மற்றதில் இருக்கட்டும். ஒரே கவுன்டர் என்றால் தனியாக ஒரு சின்ன எஸ்எஸ்டி. வேறொரு நிறுவனத்தின் 4ஜி சிம் போட்ட ரவுட்டர் ஒன்றும் வைத்தால் லைன் இல்லாத நேரமே குறைந்துவிடும். அந்த 6 சர்வருக்கு ஆகும் பணத்தை இங்கே செலவழிக்கச் சொல்லுங்கள்.

புதுப் பதிப்பு மென்பொருள் 23 கடைக்கும் ஒரே நாளில் போகாது. ஒரு கடை மூன்று வாரம் பழையதிலேயே இருக்கும். ஆகவே பழைய வடிவத்தில் வரும் பில்லையும் திருச்சி வாங்கிக்கொள்ள வேண்டும். புதிதாக ஒரு கட்டம் சேர்க்கலாம். இருக்கும் கட்டத்தின் பொருளை மட்டும் மாற்றாதீர்கள்.

300 கடை ஆனால்? அப்போதும் இதே அமைப்பு தாங்கும். மருத்துவர் சீட்டுகளைப் படமெடுத்துச் சேமிக்க ஆரம்பித்தாலோ, இரவில் ஓடும் கணக்கு விடியும்வரை முடியாமல் போனாலோ அன்றைக்குப் பெரிய கருவிகளைப் பார்க்கலாம். என்ன நடந்தது என்று வரி வரியாக வைத்திருப்பதால் எந்தக் கருவிக்கும் அதை மாற்றுவது சுலபம்.

லைன் அதிகம் போகும் ஒரு கடை, நன்றாக இருக்கும் ஒரு கடை என்று இரண்டில் ஆரம்பியுங்கள். ஒரு மாதம் பழையதும் புதியதும் பக்கத்தில் ஓடட்டும். நீங்களே கடைக்குப் போய் மாலை 7 மணிக்குக் கேபிளைப் பிடுங்குங்கள், 40 நிமிடம் கழித்துச் செருகுங்கள், எல்லா பில்லும் ஒரு தடவை மட்டும் வந்ததா என்று எண்ணுங்கள். பில் அச்சாகும் நடுவில் மின்சாரத்தையும் நிறுத்திப் பாருங்கள். உங்கள் குழுவில் 3 பேர். இரவு 9 மணிக்கு ஒரு கடையிலிருந்து போன் வந்தால் உங்களில் யாரும் பார்த்துச் சரிசெய்யக்கூடிய அளவுக்கு இந்த அமைப்பு எளிதாக இருக்க வேண்டும். திட்டம் கொடுத்த நிறுவனத்திடமும் இதே சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். செய்து காட்டினால் அவர்களையே இந்த வேலைக்கு அமர்த்திக்கொள்ளலாம், தவறில்லை.

ஒரு சின்ன விஷயம் பாக்கி. கடைக்கு ஒன்றாக அச்சடித்த பில் புத்தகம் கொடுத்துவிடுங்கள். தனி வரிசை எண், கார்பன் தாளோடு, பேட்ச் எண்ணும் எக்ஸ்பைரியும் எழுதக் கட்டம் போட்டது. கணினியும் யுபிஎஸ்ஸும் சேர்ந்து கைவிடும் நாள் என்றாவது வரும். அன்று அதில் எழுதட்டும். மறுநாள் அந்த எண்ணிலேயே ஏற்றினால் இரண்டாவது தடவை ஏற்ற முயன்றாலும் திருச்சி ஏற்காது. மருந்துப் பெட்டி அட்டைகளைக் குப்பைக்காரரிடம் கொடுத்துவிடலாம்.